ஐவி லீக் பிரசிடெண்டுங்க எட்டு பேருக்கும்: அந்த நாலை எட்டாக்குங்க

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பென், கொலம்பியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத், இந்த எட்டு யுனிவர்சிட்டி தலைவர்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். சீசன் முடிவுல நடக்குற உங்க பாஸ்கெட்பால் கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்ல நாலு டீமுக்கு பதிலா எட்டு டீமையும் ஆட விடுங்க, அதோட செமியையும் ஃபைனலையும் லீக்ல முதல் இடம் வந்த டீமோட ஜிம்லயே நடத்துங்க. அவ்வளவுதான் கேக்குறது. ஏன் கேக்குறேன்னு சொல்லணும்னா பழைய கணக்கு கொஞ்சம் எடுக்கணும், பொறுமையா படிங்க, பிரசிடெண்டுன்னா தடி தடியா ஃபைல் படிச்சு பழகியிருப்பீங்க தானே.

இதை தமிழ்ல படிக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. ஐவி லீக்னாலே நமக்கு அட்மிஷன், எஸ்ஏடி மார்க், யாரு வீட்டு பொண்ணுக்கு எங்க கிடைச்சதுன்ற பேச்சு மட்டும்தான். ஆனா ஐவி லீக்ன்றது முதல்ல ஒரு ஸ்போர்ட்ஸ் லீக்குங்க, 1954-ல இந்த எட்டு காலேஜும் சேர்ந்து கையெழுத்து போட்டதே விளையாட்டுக்காகத்தான், விளையாட்டுக்குன்னு தனியா ஸ்காலர்ஷிப் கிடையாதுன்னு முடிவு பண்ணதும் அதுலதான். எடிசன், பிளெய்ன்ஸ்பரோ பக்கம் இருக்குற தமிழ் குடும்பங்கள்ல எத்தனை பேர் பிரின்ஸ்டன் கேம்பஸ்ல போட்டோ எடுத்திருப்பீங்க, அதுல எத்தனை பேர் ஜாட்வின் ஜிம் உள்ள போய் ஒரு மேட்ச் பாத்திருப்பீங்க? டிக்கெட் விலையும் ஒண்ணும் பெருசு இல்ல, போய் பாருங்க.

சரி, மார்ச் மாசம் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. என்சிஏஏ-ன்றது அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற அமைப்பு, அதோட தேசிய ஆண்கள் டோர்னமெண்டுக்கு 68 டீம். 2025-ல 31 கான்ஃபரன்ஸ் (ஐவி மாதிரி காலேஜ் லீக்) சாம்பியனுக்கு நேரடி டிக்கெட், மீதி 37 இடம் கமிட்டி உக்காந்து பாத்து கொடுக்குறது. அந்த 37-ல பெரிய கான்ஃபரன்ஸ்காரங்கதான் அள்ளிட்டு போவாங்க, எஸ்ஈசி-ன்ற பெரிய கான்ஃபரன்ஸ்ல இருந்து மட்டும் அந்த வருஷம் 14 டீம் உள்ள போச்சு. ஐவில இருந்து ஆண்கள் பக்கம் எப்பவுமே ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர் போவாங்க, ஏழு பேர் வீட்டுக்கு. அதனால அந்த ஒரு டிக்கெட்டை யாருக்கு எப்படி கொடுக்குறீங்கன்றதுலதான் இந்த லீக்கோட மொத்த சரித்திரமும் இருக்கு, அந்த வழியை வகுக்குறது கமிட்டி இல்ல, நீங்க எட்டு பேர்தான்.

டார்ட்மத்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்கதான் ரொம்ப வலிக்குது. 1942-லயும் 1944-லயும் நேஷனல் ஃபைனல் ஆடின டீம் இது, ரெண்டாவது ஃபைனல் யூட்டா கிட்ட ஓவர்டைம்ல 42-40, ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல போச்சு. அப்புறம் 1956, 1958, 1959-னு மறுபடி உள்ள போனாங்க, 1959-ல ஜெர்ரி வெஸ்ட் ஆடின வெஸ்ட் வர்ஜீனியா கிட்ட தோத்தாங்க, அத்தோட சரி. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட இல்ல. ஒரு முறையாவது என்சிஏஏ டோர்னமெண்ட் ஆடி இன்னும் மேல் டிவிஷன்லயே இருக்குற காலேஜ்கள்ல இன்னைக்கு நாட்டுலயே நீளமான வறட்சி டார்ட்மத்தோடதுதான், அடுத்து 1963-ல இருந்து காத்துக்கிட்டு இருக்குற டென்னசி டெக், அதுக்கப்புறம் 1968-ல இருந்து பௌலிங் கிரீனும் கொலம்பியாவும்.

இன்னொரு கணக்கு பாருங்க. உங்க லீக்லயே பெரிய வறட்சி ரெக்கார்ட் ஹார்வர்டோடது, 1946-ல போனவங்க அடுத்து 2012-லதான் போனாங்க, 66 வருஷம். 1959-ல இருந்து 2025 எத்தனை? அதே 66. 2026 மார்ச்ல டார்ட்மத் போகலன்னா அந்த ரெக்கார்டும் அவங்க கைக்கு வந்துடும், ஹார்வர்டை எதுல முந்தினாலும் கொண்டாடுற காலேஜ் இது ஒண்ணை மட்டும் கொண்டாட மாட்டாங்க.

இத்தனைக்கும் இந்த டீம்தான் அடுத்தவன் தலையெழுத்தை மாத்துறதுல கில்லாடி. 2015 மார்ச்ல, லீக்ல முதல் இடம் வந்தவங்க நேரா போற காலம், யேல் கடைசி மேட்ச் டார்ட்மத்தோட ஆடுது, ஜெயிச்சா 1962-க்கு அப்புறம் முதல் தடவையா என்சிஏஏ போகலாம். அரை செகண்ட் மிச்சம் இருக்குறப்ப டார்ட்மத் பையன் ஒருத்தன் லேஅப் போட்டான், 59-58, முடிஞ்சு போச்சு. யேலும் ஹார்வர்டும் சமமா நின்னு பென்னோட பலெஸ்ட்ரா ஜிம்ல பிளேஆஃப் ஆடினாங்க, அதுலயும் ரெண்டு பாயிண்ட்ல, 53-51-னு யேல் தோத்துச்சு. தனக்கு இல்லன்னாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இல்லாம பண்றதுன்னா இதுதான். பாவம் யேல் இன்னொரு வருஷம் காத்திருந்து 2016-ல போய் பெய்லரை 79-75-னு அடிச்சப்புறம்தான் மூச்சு விட்டாங்க.

அப்புறம் அந்த யூனியன் விஷயம், உங்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். 2024 மார்ச் 5-ம் தேதி டார்ட்மத் பாஸ்கெட்பால் பசங்க 13-2-னு ஓட்டு போட்டு தொழிலாளர் சங்கம் அமைச்சாங்க, அமெரிக்க காலேஜ் ஸ்போர்ட்ஸ்லயே முதல் முறை. அன்னைக்கு ராத்திரியே ஹார்வர்டை ஜெயிச்சாங்க. அந்த வருஷம் லீக்ல ரொம்ப கீழ இருந்த டீம் அது, ஆனா தைரியத்துல முதல் இடம். 2024 கடைசில அந்த மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க, வாஷிங்டன்ல ஆட்சியோட காத்தும் மாறுதுன்னு தெரிஞ்சு போச்சு. வாபஸ் வாங்கின கையோட 2025 லீக் சீசன்ல நல்லா ஆடி முதல் தடவையா ஐவி டோர்னமெண்ட்டுக்குள்ள வந்தாங்க, செமிஃபைனல்ல கார்னெல் கிட்ட தோத்தாங்க. 2017-ல ஆரம்பிச்ச டோர்னமெண்ட், டார்ட்மத் அதுல காலடி வைக்க 2025 ஆச்சு.

கொலம்பியா அந்த வாசலைக் கூட இன்னும் மிதிக்கல. நான் கொலம்பியா சைடு, மறைக்க ஒண்ணும் இல்ல, அதனால இந்த பகுதி கொஞ்சம் நீளும். 1951-ல கொலம்பியா சீசன் முழுக்க ஒரு தோல்வி இல்லாம என்சிஏஏ போன டீம், போய் இல்லினாய் கிட்ட தோத்துச்சு. 1968-ல ஜிம் மக்மிலியனும் ஹேவர்ட் டாட்சனும் ஆடின டீம், பிரின்ஸ்டனை பிளேஆஃப்ல 92-74-னு உதைச்சு உள்ள போய், டேவிட்சன் கிட்ட ஓவர்டைம்ல 61-59-னு வெளிய வந்துச்சு. நடுவுல ஒரு பாஸ்கெட், அந்த ஒரு பாஸ்கெட்டோட 57 வருஷம். 2016-ல மாவ்டோ லோ ஆடின டீம் 25 மேட்ச் ஜெயிச்சுது, ஆனா லீக்ல 10-4, மூணாவது இடம், அப்போ கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்டே கிடையாது, அதனால சின்னதா ஒரு போஸ்ட்சீசன் டோர்னமெண்ட்டுக்கு போய் அதை ஜெயிச்சு, ஃபைனலும் நம்ம லெவியன் ஜிம்லயே நடந்து, ஆறுதல் பட்டுக்கிட்டோம். அடுத்த வருஷமே நீங்க டோர்னமெண்ட் ஆரம்பிச்சீங்க. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கக் கூடாதா?

2024 நவம்பர்ல அதே கொலம்பியா வில்லனோவா ஊருக்கே போய் வில்லனோவாவை ஜெயிச்சுது, ரெண்டு வருஷ இடைவெளில ரெண்டு நேஷனல் சாம்பியன்ஷிப் எடுத்த அந்த வில்லனோவாதான். ஜனவரி வந்துச்சு, லீக் ஆரம்பிச்சுது, 14 மேட்ச்ல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சாங்க. 1-13. டீம் அவ்வளவு மோசமா, இல்ல மனசு விட்டுப் போச்சான்னு பாக்குறவனுக்கு புரியாது. பிப்ரவரி நடுவுலயே கணக்குப்படி வெளிய போன டீமுக்கு மிச்ச மேட்ச் எல்லாம் சும்மா சடங்குதான், வெள்ளிக்கிழமை ஒரு ஊரு, சனிக்கிழமை இன்னொரு ஊருன்னு பஸ்ல குளிர்ல போய் தோத்துட்டு வந்து ஞாயித்துக்கிழமை அசைன்மெண்ட் எழுதுற பையன் எதுக்காக ஆடுறான்?

எட்டு டீம் வேணும்னு நான் கேக்குறதுக்கு முதல் காரணம் இதுதான். இந்த நாட்டுல ரொம்ப கான்ஃபரன்ஸ்ல கடைசி இடம் வந்த டீமுக்கும் மார்ச்ல ஒரு மேட்ச் உண்டு. உங்க பக்கத்து வீடான பேட்ரியாட் லீக்ல பத்து டீமும் ஆடும், ஒவ்வொரு மேட்சும் மேல் சீட், அதாவது லீக் வரிசையில மேல இருக்குற டீமோட ஊர்ல. அந்த லீக்ல ஆர்மி இருக்கு, இதுவரைக்கும் ஒரு தடவை கூட என்சிஏஏ டோர்னமெண்ட் ஆடாத டீம், 1968-ல பாப் நைட் கோச்சா இருந்தப்ப வந்த அழைப்பையே வேணாம்னு சொல்லிட்டு என்ஐடி-ன்ற இன்னொரு டோர்னமெண்ட்டுக்கு போனவங்க, அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. அந்த ஆர்மிக்கு கூட ஒவ்வொரு மார்ச்லயும் ஒரு வாய்ப்பு கையில இருக்கு. உங்க வீட்டுல மட்டும் கல்யாணத்துக்கு எட்டு பேருக்கும் பத்திரிகை வெச்சுட்டு நாலு இலை போடுறீங்க.

பிரவுன் கதை சின்னது, ஆனா கசப்பு. மொத்தமே ரெண்டு தடவைதான் போயிருக்காங்க. 1939, அதாவது முதன்முதல் என்சிஏஏ டோர்னமெண்ட்டே, எட்டு டீம் ஆடினதுல ஒண்ணு பிரவுன். அப்புறம் 47 வருஷம் கழிச்சு 1986, சிரக்யூஸ் கிட்ட 101-52-னு வாங்கினது. 2024-ல லீக் கடைசி மேட்ச்களை வரிசையா ஜெயிச்சு எப்படியோ நாலாவது இடம் புடிச்சு, செமில முதல் சீட் பிரின்ஸ்டனை தூக்கி, ஃபைனல்ல யேலுக்கு எதிரா கடைசி அரை நிமிஷத்துல ஆறு பாயிண்ட் முன்னாடி நிக்குறாங்க. ஆறு பாயிண்ட்! அங்கிருந்து யேல் வந்து பஸ்ஸர் அடிக்கும்போது ஷாட் போட்டு 62-61-னு தட்டிட்டு போயிடுச்சு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு நம்ம ஊர்ல சொல்லுவோம். அந்த யேல் போய் அடுத்த வாரம் என்சிஏஏ-ல ஆபர்னை 78-76-னு சாய்ச்சது வேற விஷயம்.

இப்போ உங்கள்ல ரெண்டு மூணு பேர் மனசுக்குள்ள நினைக்கலாம், 'இது நாங்க பண்ணதா, நல்லா ஆடுறவன் போறான், ஆடாதவன் போகல, இதுக்கு பிரசிடெண்ட் என்ன பண்ணுவார்'னு. அதுக்குதான் வர்றேன். 1969-ல இருந்து 2007 வரைக்கும் 39 சீசன், அதுல 37 தடவை ஐவி டிக்கெட் பென்னுக்கு இல்லன்னா பிரின்ஸ்டனுக்கு. 1986-ல பிரவுன், 1988-ல கார்னெல், அவ்வளவுதான் விதிவிலக்கு. அந்த ரெண்டும் சாதாரண டீமும் இல்ல, 1979-ல பென் ஃபைனல் ஃபோர் (என்சிஏஏ செமிஃபைனல்) போய் மேஜிக் ஜான்சன் கிட்ட தோத்துச்சு, 1996-ல பீட் காரில் கோச்சிங்ல பிரின்ஸ்டன் யூசிஎல்ஏ-வை 43-41-னு சாய்ச்சுது, அதை மறுக்கல. ஆனா 39-க்கு 37 ஒரு லீக்ல எப்படி உடைஞ்சுது?

காசாலங்க. 2001-ல பிரின்ஸ்டன் மாணவர் கடனை எடுத்துட்டு முழுக்க கிராண்ட்டா கொடுக்க ஆரம்பிச்சாங்க, மத்தவங்களும் பின்னாடியே வர வேண்டியதாச்சு, 2007 டிசம்பர்ல ஹார்வர்ட் நடுத்தர குடும்பம், அதுக்கு கொஞ்சம் மேல இருக்குற குடும்பம் வரைக்கும் ஃபீஸை பெருசா குறைச்சாங்க. விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் இல்லாத லீக்ல ஃபைனான்ஷியல் எய்டுதான் ஸ்காலர்ஷிப். அதுக்கப்புறம் பாருங்க, 2008, 2009, 2010 கார்னெல், மூணாவது வருஷம் டெம்பிளையும் விஸ்கான்சினையும் அடிச்சு ஸ்வீட் சிக்ஸ்டீன், அதாவது கடைசி 16 டீம்ல ஒண்ணு. 2012-ல இருந்து 2015 வரைக்கும் நாலு வருஷம் தொடர்ந்து ஹார்வர்ட், பின்னாடி என்பிஏ போன ஜெரமி லின் ஆடினப்ப கூட போக முடியாத ஹார்வர்ட், நியூ மெக்ஸிகோவையும் சின்சினாட்டியையும் வெளிய தள்ளுச்சு. கோச்சுங்க நல்லவங்கதான், ஹார்வர்டுக்கு டாமி அமேக்கர் வந்தது பெரிய விஷயம்தான், ஆனா கோச்சு ஒரு பையன் வீட்டுக்கு போய் பேசும்போது கையில என்ன கொண்டு போறான்றது உங்க பட்ஜெட் ஆபீஸ்ல முடிவாகுறது.

அதே காசு இப்போ வேற மாதிரி வேலை செய்யுது. 2019-ல இருந்து 2025 வரைக்கும் நடந்த ஐவி டோர்னமெண்ட் எல்லாத்தையும் எடுத்துக்கோங்க (2020, 2021 கோவிட்ல நடக்கல): யேல், யேல், பிரின்ஸ்டன், யேல், யேல். 2025 வரைக்கும் கார்னெல் 2010-க்கு அப்புறம் போகல, ஹார்வர்ட் 2015-க்கு அப்புறம் போகல, பென் 2018-க்கு அப்புறம் போகல. பழைய ஜோடி போய் புது ஜோடி வந்துருக்கு. 2024 கணக்குல யேலோட எண்டவ்மெண்ட், அதாவது சேர்த்து வெச்சிருக்குற நிதி, 4,000 கோடி டாலருக்கு மேல, பிரின்ஸ்டன் 3,400 கோடி பக்கம், பிரவுன் 700 கோடி பக்கம், டார்ட்மத் 800 கோடி பக்கம். ஹார்வர்ட் 5,000 கோடிக்கு மேல வெச்சுக்கிட்டு பத்து வருஷமா வீட்ல உக்காந்திருக்கு, அதனால காசு மட்டும்தான்னு நான் சொல்ல வரல, யேல்ல ஜேம்ஸ் ஜோன்ஸ் 1999-ல இருந்து ஒரே இடத்துல உக்காந்து கட்டின டீம் அது, அந்த மரியாதையை யாரும் எடுக்க முடியாது. ஆனா வறண்டு கிடக்குற டார்ட்மத், கொலம்பியா, பிரவுன் மூணு பேர்ல ரெண்டு பேர் இந்த லீக்ல பெட்டி சின்னதா இருக்குற ரெண்டு பேர்தான்னு நீங்களும் பாத்திருப்பீங்க. இந்த ஸ்காலர்ஷிப் இல்லாத ஒப்பந்தமே தப்புன்னு பிரவுன்ல பாஸ்கெட்பால் ஆடின ரெண்டு பேர் 2023-ல கோர்ட்டுக்கு போனாங்க, 2024-ல அந்த கேஸ் தள்ளுபடி ஆச்சு. சட்டப்படி நீங்க ஜெயிச்சீங்க, ஓகே.

இனி டோர்னமெண்ட். நாட்டுல எல்லா கான்ஃபரன்ஸும் வெச்ச பிறகு கடைசியா வெச்சவங்க நீங்க, 2016-ல அறிவிச்சு 2017-ல ஆரம்பிச்சீங்க. அதுக்கு முன்னாடி 14 மேட்ச் லீக், முதல் இடம் வந்தவன் போவான், சமமா இருந்தா ஒரு பிளேஆஃப். பழைய ரசிகர்கள் இன்னும் அந்த 14 மேட்ச்தான் உண்மையான டோர்னமெண்ட்டுன்னு சொல்லுவாங்க, அதுல நியாயமும் இருக்கு. 2017-லயே பாருங்களேன், பிரின்ஸ்டன் 14-0. ஒரு மேட்ச் தோக்கல. அவங்களை கொண்டு போய் பலெஸ்ட்ரால, அதாவது பென்னோட சொந்த வீட்ல, லீக்ல 6-8 எடுத்த பென்னோடயே ஆட வெச்சீங்க. கடைசி சில செகண்ட்ல பந்தை தட்டி உள்ள விட்டு சமன் பண்ணி ஓவர்டைம்ல 72-64-னு தப்பிச்சாங்க. அது உள்ள போகலன்னா 14-0 டீம் வீட்டுக்கு, 6-8 டீம் என்சிஏஏ-க்கு.

அன்னைக்கு தப்பிச்சாங்க, அப்புறம் 2025-ல யேலைத் தவிர எந்த முதல் சீட்டும் தப்பிக்கல. 2025 வரைக்கும் ஏழு டோர்னமெண்ட், அதுல அஞ்சு தடவை முதல் சீட் தோத்துருக்கு: 2018 ஹார்வர்ட், 2019 ஹார்வர்ட், 2022 பிரின்ஸ்டன், 2023 யேல், 2024 பிரின்ஸ்டன். அந்த அஞ்சுல மூணு தடவை ஜெயிச்ச டீம் தன்னோட சொந்த ஜிம்ல ஆடிக்கிட்டு இருந்துச்சு. 2018-ல பலெஸ்ட்ரால பென், ஹார்வர்டை 68-65. 2019-ல யேல் ஜிம்ல யேல், மறுபடி ஹார்வர்டைத்தான். 2023-ல ஜாட்வின்ல பிரின்ஸ்டன், அந்த சீசன்ல லீக்ல ரெண்டு தடவையும் தங்களை தோக்கடிச்ச யேலை 74-65. சுத்துமுறையில ஒவ்வொரு வருஷமும் ஒரு கேம்பஸ்னு நீங்க வெச்சிருக்குற ஏற்பாட்டுக்கு ஆட்டத்துல எந்த சம்பந்தமும் இல்ல, காலண்டர்ல யாரு பேரு வருதோ அவனுக்கு அதிர்ஷ்டம்.

இல்லன்னா அதுக்கு நேர் எதிர். 2022-ல ஹார்வர்ட் ஜிம்ல நடந்துச்சு, ஹார்வர்ட் ஆண்கள் டீம் அதுல இல்ல. 2024-ல கொலம்பியால நடந்துச்சு, கொலம்பியா ஆண்கள் டீம் இல்ல. 2025-ல பிரவுன்ல, பிரவுன் ஆண்கள் டீம் இல்ல. சொந்த வீட்ல பந்தல் போட்டு, லைட் போட்டு, ஈஎஸ்பிஎன் கேமராவுக்கு இடம் ஒதுக்கி, தன் லாக்கர் ரூமை அடுத்தவனுக்கு கொடுத்துட்டு வெளிய நிக்கணும். ஒண்ணு ஹோஸ்ட் அநியாயமா ஜெயிக்குது, இல்லன்னா ஹோஸ்ட் ஆடவே இல்ல. இந்த ரெண்டையும் தவிர மூணாவதா ஒண்ணு நடந்ததுன்னா அது 2017-ல பென் கிட்டத்தட்ட ஜெயிச்சது மட்டும்தான்.

அப்போ பழைய மாதிரி டோர்னமெண்ட்டையே எடுத்துடலாமான்னா, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 14 மேட்ச் மட்டும் இருந்த அந்த அறுபது வருஷத்துலதான் 39-க்கு 37 நடந்துச்சு. வறண்ட டீமுக்கு ஜன்னல் திறந்து வெக்கணும், அதே நேரம் 14 மேட்ச் நல்லா ஆடினவனுக்கு உரிய லாபமும் கொடுக்கணும், ரெண்டும் ஒண்ணா பண்றதுக்கு வழி இருக்கு. வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல பாருங்க, முதல் ரெண்டு சீட் நேரா செமிஃபைனல்ல போய் உக்காந்துடும், கீழ இருக்குறவங்க படிப்படியா ஏறி வரணும். கொன்சாகாவும் செயிண்ட் மேரிஸும் வருஷா வருஷம் அப்படித்தான் காலை நீட்டி உக்காந்து காத்திருந்தாங்க. உங்களுக்கு எட்டே டீம்தான், அதனால இன்னும் சுலபம். செவ்வாய்க்கிழமை அஞ்சும் எட்டும், ஆறும் ஏழும், மேல் சீட் ஊர்ல. வியாழக்கிழமை அதுல ஜெயிச்சவங்க மூணாவது, நாலாவது சீட்டோட. சனி, ஞாயிறு செமி, ஃபைனல், முதல் சீட் ஜிம்ல, முதல் ரெண்டு சீட் அங்கதான் முதல் தடவையா இறங்கும். எட்டாவது சீட் என்சிஏஏ போகணும்னா நாலு மேட்ச் வரிசையா வெளியூர்ல ஜெயிக்கணும், அப்படி ஜெயிச்சா அவன் போகட்டும்யா, அவன் சம்பாதிச்சது. முதல் சீட் சொந்த ஊர்ல ரெண்டே மேட்ச். இப்போ இருக்குறதை விட சாம்பியனுக்கு பாதுகாப்பு அதிகம், கடைசி ஆளுக்கும் வாசல் திறந்திருக்கும்.

ஆண்கள், பெண்கள் ரெண்டு டோர்னமெண்ட்டும் ஒரே வாரம் ஒரே ஜிம்ல நடத்துறீங்க, ரெண்டு பக்கமும் சாம்பியன் வேற வேற காலேஜா இருந்தா எங்க நடத்துறதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ரெண்டையும் பிரிச்சுடுங்க, ஆண்கள் சாம்பியன் ஊர்ல ஆண்கள், பெண்கள் சாம்பியன் ஊர்ல பெண்கள். செலவு கொஞ்சம் கூடும், டிவிக்காரங்க ரெண்டு இடத்துக்கு ஆள் அனுப்பணும், முணுமுணுப்பாங்க. ஆனா பெண்கள் பக்கம் இன்னைக்கு ஆண்கள் பக்கத்தோட ஒட்டு வால் இல்லன்னு உங்களுக்கே தெரியும். 1998-ல ஹார்வர்ட் பெண்கள் 16-வது சீட்டா போய் முதல் சீட் ஸ்டான்ஃபோர்டை 71-67-னு ஜெயிச்சாங்க, ஆண்கள்ல அந்த மாதிரி ஒண்ணு நடக்க அதுக்கப்புறம் இன்னும் இருபது வருஷம் ஆச்சு. 2025-ல ஐவில இருந்து மூணு பெண்கள் டீம் உள்ள போச்சு, ஹார்வர்ட், கொலம்பியா, பிரின்ஸ்டன். எங்க கொலம்பியா பெண்கள் 2024-லதான் முதல் தடவையா போனாங்க, அடுத்த வருஷமே என்சிஏஏ-ல ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டாங்க. அதே லெவியன் ஜிம், அதே காலேஜ், அதே ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ். ஆண்கள் டீமுக்கு இடமும் ஊரும்தான் ராசியில்லன்னு பேசுறவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்களோ.

பரீட்சை, படிப்பு, பசங்க கிளாஸ் மிஸ் பண்ணுவாங்கன்னு அந்த பழைய பதிலை மட்டும் தயவு செஞ்சு எடுக்காதீங்க. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு இத்தனை வருஷமா அதைத்தான் சொன்னீங்க, போஸ்ட்சீசன் கிடையாது, டிசம்பர்ல பரீட்சைன்னு. 2024 டிசம்பர்ல உங்க ஸ்டூடண்ட் அத்லெட் கமிட்டி ஒரு ப்ரொபோசல் கொண்டு வந்துச்சு, நீங்களும் சரின்னுட்டீங்க, 2025-ல இருந்து ஐவி சாம்பியன் எஃப்சிஎஸ் (காலேஜ் ஃபுட்பால்ல ரெண்டாவது அடுக்கு) பிளேஆஃப் போகலாம். நல்ல முடிவு, மனசார பாராட்டுறேன். அந்த பசங்களுக்கு டிசம்பர்ல போக முடிஞ்சா பாஸ்கெட்பால் பசங்களுக்கு மார்ச்ல வாரத்துல ரெண்டு நாள் கூட ஆட முடியாதா?

வீரர்கள் கையை விட்டு போறதும் இதோட சேர்ந்ததுதான். டேனி வுல்ஃப் யேல்ல ஆபர்னை ஜெயிச்சுட்டு மிச்சிகன் போயிட்டான், அங்கிருந்து என்பிஏ முதல் ரவுண்ட். மாலிக் மேக் ஹார்வர்ட்ல ஒரே வருஷம், அப்புறம் ஜார்ஜ்டவுன். சேவியன் லீ பிரின்ஸ்டன்ல இருந்து ஃபுளோரிடா. காசுக்கு போறாங்க, அதை உங்களால தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், 22 வயசு பையன் கிடைக்குறதை வாங்கிட்டு போகட்டும். ஆனா கிராஜுவேட் மாணவன் ஆடக் கூடாதுன்ற உங்க விதி இருக்கே, கோவிட்ல சீசனே நடத்தாம விட்டப்புறம் ஒரு தடவை மட்டும் தளர்த்திட்டு மறுபடி இறுக்கி பூட்டினது, அது யாருக்கு நல்லது பண்ணுது? டார்ட்மத்லயோ பிரவுன்லயோ நாலு வருஷம் பொறுமையா வளர்ந்த பையன் அஞ்சாவது வருஷம் அங்கயே மாஸ்டர்ஸ் சேர்ந்து ஆடணும்னு ஆசைப்பட்டாலும் முடியாது, ஆட்ட தகுதி மிச்சம் இருந்தா வேற காலேஜுக்குத்தான் போகணும். பணக்கார டீம் அந்த இடத்தை அடுத்த வருஷமே நிரப்பிடும், சின்ன டீமுக்கு அந்த ஒரு பையனை மறுபடி வளர்க்க இன்னும் நாலு வருஷம் ஆகும். இதை இந்த மடல்ல முக்கிய கோரிக்கையா வெக்கல, தனியா ஒரு நாள் சண்டை போட்டுக்கலாம், ஆனா ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

2025 நவம்பர்ல இந்த சீசன் ஆரம்பிக்குது. 2026 மார்ச்சுக்கு இத்தாகால கார்னெல் ஜிம்னு முடிவாகி எல்லாம் புக் ஆயிருக்கும், அதை இப்ப மாத்த சொல்லல, லேட்டு. 2027-ல இருந்து மாத்துங்க. அடுத்த கவுன்சில் மீட்டிங் அஜெண்டால ஒரு வரி சேர்த்தா போதும், எட்டு டீம், ஏணி முறை, சாம்பியன் வீட்ல. டார்ட்மத், கொலம்பியா, பிரவுன் பிரசிடெண்டுங்க மூணு பேரும் முதல்ல கை தூக்கணும், அவங்க கை தூக்கலன்னா நான் இவ்வளவு எழுதினது வேஸ்ட். யேலும் பிரின்ஸ்டனும் எதிர்த்து ஓட்டு போட்டா எனக்கு ஆச்சரியம் இல்ல, அவங்களுக்கு அந்த உரிமை இருக்கு, மிச்சம் இருக்குற ஆறு பேர் என்ன பண்றீங்கன்றதுதான் என் கேள்வி.

இப்படிக்கு,
கொலம்பியா லயன்ஸ் ரசிகன் ஒருத்தன்,
நியூஜெர்சி